காற்றில் ஒரு கடைமடை

டெல்டாக்காரர்களுக்குக் கடைமடை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கல்லணை திறந்தால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும்; மதகிலிருந்து பாயும் நுரையின் மேல் யாரோ பூத் தூவிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் நாகப்பட்டினத்துப் பக்கம் உள்ள கடைசி வாய்க்காலின் கடைசி மடைக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தனிச் செய்தி. பல சமயம் போகவில்லை என்பதுதான் செய்தி. தலைமடைக்காரர் எடுத்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு. ஆற்றில் இத்தனை கன அடி வந்தது என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கம்பியில்லாத் தகவல் வலைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் தலைமடை உண்டு, முறை உண்டு, முறை தப்பியவர் உண்டு.

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் சன்னதிக்கு வெளியே நின்று வடக்கே பாருங்கள். காவிரி, அதன்மேல் பாலம், அதற்கு அப்பால் தென்னைக்கு மேலே தலைநீட்டும் ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம், அதற்கும் பின்னால் கண்ணுக்குப் புகையாகக் கொள்ளிடம். நடுவில் மொட்டைமாடிகள்தோறும் செல்போன் டவர்கள். அவற்றில் நீளவாக்கில் தொங்கும் பெட்டிகள் நம் கைப்பேசியோடு பேசுபவை. வெள்ளை முரசு போல வட்டமாக ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்குமே, அவற்றை யாரும் கவனிப்பதில்லை. அவை நம்மோடு பேசுவதில்லை. இன்னொரு டவரில் உள்ள முரசோடு பேசுகின்றன. டவருக்கு வந்து குவியும் தகவலை ஊரின் பெருவலைக்குக் கொண்டுசேர்க்கும் அந்தப் பின்பாதைக்குத்தான் தொழிலில் பேக்ஹால் என்று பெயர். டவர் வரைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டால் முரசு தேவையில்லை. வராத இடத்தில் காற்றுதான் வாய்க்கால்.

வராத இடங்கள் இந்தியாவில் ஏராளம். 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூனில், அலைக்கற்றை ஏலத்துக்கு ஒப்புதல் தந்த மத்திய அமைச்சரவை கூடவே இன்னொரு முடிவும் எடுத்தது: 13, 15, 18, 21 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பேக்ஹாலுக்கான அலைக்கற்றைத் துண்டுகளை இரட்டிப்பாக்குவது, ஈ-பேண்ட் எனப்படும் 70, 80 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நிறுவனங்களுக்குத் தலா 250 மெகாஹெர்ட்ஸ் அளவில் இரண்டு துண்டுகளைத் தற்காலிகமாகக் கொடுப்பது. ஏலத்தொகை தலைப்புச் செய்தியானது, பின்பாதை முடிவு உள்பக்கத்தில் போய் ஒடுங்கியது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய செய்தி. வாசலில் எட்டு வழிச்சாலை போட்டுவிட்டுப் பின்கட்டில் ஒற்றையடிப் பாதை வைத்தால் வண்டி எங்கே போகும்?

வேகம் கூடக்கூட டவர்கள் குட்டையாகி, நெருங்கி, தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் இறங்குகின்றன. கம்பத்துக்குக் கம்பம் பள்ளம் தோண்டி இழை பதிப்பது நடவாத காரியம். ஆகவே ஒரு கம்பம் பக்கத்துக் கம்பத்துக்குத் தூக்கிப்போட, அது அடுத்ததற்குத் தூக்கிப்போட, இப்படித் தாவித் தாவிப் போய்த் தகவல் ஏதோ ஒரு முனையில் இழையைப் பிடிக்கிறது. அந்த முனைதான் இங்கே தலைவாய்.

தாவுவதற்கு விலை உண்டு. 2001ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியைக் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். வரிசையாக நிற்கும் நிலையங்களில் முதலாவது, இரண்டாவதற்கு அனுப்புகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டாவது அப்போது பேச முடியாது. மூன்றாவது பேசினால் இரண்டாவதன் காது அடைத்துவிடும். நான்காவதன் குரல், செய்தியாகப் புரியும் அளவுக்கு இரண்டாவதை எட்டாவிட்டாலும், இரைச்சலாக எட்டிவிடும். ஆக நான்கில் ஒருவர்தான் ஒரே நேரத்தில் வாய்திறக்கலாம். நீண்ட சங்கிலியின் கொள்ளளவு, ஓர் இணைப்பின் கொள்ளளவில் கால்பங்கு. அதுவும் எல்லோரும் ஒழுங்காக முறை பார்த்துப் பேசினால். சாதாரண வைஃபையைப் போல, 'யாரும் பேசவில்லையே' என்று செவிகொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசும் ஏற்பாட்டில் அது ஏழில் ஒரு பங்குக்கு இறங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டு பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் எழுதிய கட்டுரை இன்னும் கடுமையான எல்லையைக் கோடிட்டது. (குமார் 1973ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர்.) யார் யாரோடும் பேசலாம் என்ற வலையில் நிலையங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு ஏறக்குறைய பாதியாகும். பேக்ஹாலில் நிலைமை இதைவிட மோசம். அங்கே எல்லோரும் ஒரே தலைவாயை நோக்கித்தான் வருகிறார்கள். தலைவாயைச் சுற்றியுள்ள காற்று எல்லோருடைய சுமையையும் தாங்க வேண்டும். நூறு நிலையம் என்றால் நூறில் ஒரு பங்கு. உபகரணம் எவ்வளவு உயர்வானது என்பது இரண்டாம் கேள்வி. தலைவாய்கள் எத்தனை, எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

வழி தேடும் கலையைப் பார்ப்போம். குறைந்த தாவல் உள்ள வழியே நல்ல வழி என்றுதான் தொடக்கத்தில் நினைத்தார்கள். குறைந்த தாவல் என்றால் நீண்ட தாவல். நீண்ட தாவல் என்றால் நைந்த இணைப்பு. 2003ல் அதே எம்.ஐ.டி. குழுவினர், பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் மாடிகளின்மேல் ரூஃப்நெட் என்ற வலையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வேறு அளவுகோலை முன்வைத்தார்கள். ஒரு பொட்டலம், அதாவது தகவலின் ஒரு துண்டு, போய்ச்சேர்ந்து 'கிடைத்தது' என்ற பதிலும் திரும்புவதற்குச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கிறது? போகும்போது பத்தில் எட்டு பிழைக்கிறது, வரும்போது பத்தில் ஐந்து என்றால், 0.8 பெருக்கல் 0.5 சமம் 0.4, ஆக இரண்டரை முறை. இரண்டு நல்ல தாவல்கள் இந்த ஒரு நொண்டித் தாவலைவிட மலிவு.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் கூகுள் மேப் வேலை. முடியவில்லை என்பதற்குத் திருச்சிக்காரர்களிடமே சாட்சி இருக்கிறது. 1976ல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க அடைத்தார்கள். மறுபடி முழுதாகத் திறக்க 2023 மார்ச் ஆனது. அத்தனை மாதமும் ஸ்ரீரங்கத்துக்குப் போகும் கார்களும் பேருந்துகளும் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றின. 'அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது' என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அடுத்த கால்மணியில் அந்தப் பக்கம்தான் நெரிசல். இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட்டில் இதே நோய் வந்தது. 1979ல் தாமதத்தை அளந்து வழி மாற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். சுமை ஏறியதும் போக்குவரத்து மொத்தமாக ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கும், திரும்ப இதற்குமாக ஊசலாடியது. 1987ல் அளவுகோலின் கூர்மையை மழுக்கித்தான் அதை அடக்கினார்கள்.

காற்றில் கூடுதலாக ஒரு வில்லங்கம். நெடுஞ்சாலைப் பாலத்தில் வண்டி ஓடுவதால் காவிரிப் பாலம் குறுகிவிடாது. வானொலி அலையில் குறுகும். பக்கத்துப் பாதையில் நான் பேசினாலே உன் பாதையின் கொள்ளளவு சரிகிறது. வழியைத் தேர்ந்த பிறகு முறையைப் பங்கிடலாம் என்றால், முறையைப் பொறுத்தே வழியின் தரம் மாறுகிறது. முறையை முதலில் வைக்கலாம் என்றால், யார் எந்த வழியில் வருகிறார்கள் என்று தெரியாமல் எப்படி வைப்பது? இரண்டையும் சேர்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஒருவரையொருவர் கெடுக்காமல் ஒரே நேரத்தில் யார் யார் பேசலாம் என்று மிகச் சிறந்த பட்டியலைப் போடுவது, நிலையங்கள் கூடக்கூடக் கணினியையும் திணறடிக்கும் வகைக் கணக்கு என்று 1984லேயே எர்தால் அரிகான் நிறுவிவிட்டார்.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அளவு திணறல் இல்லை. ஊரின் அமைப்பைப் பொறுத்தது அது. ஸ்ரீரங்கத்தை வைத்து ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏழு திருச்சுற்றுகளில் வெளியே உள்ள மூன்று, அதாவது உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி, மக்கள் குடியிருக்கும் தெருக்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செவ்வகங்கள். நடுவே ஆளுயரத்துக்கு மேலே ஓங்கி நிற்கும் கருங்கல் மதில்கள். அடையவளஞ்சானின் நான்கு மூலையிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலுமாக எட்டுக் கம்பங்களில் 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இருப்பதாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், இரண்டு பக்கத்து அண்டைவீட்டுக்காரர்கள். ஒரே கம்பத்தில் ஒரு முகம் கத்திக்கொண்டிருக்கும்போது மறுமுகத்துக்குக் காது கேட்காது. இரண்டு முகமும் சேர்ந்து பேசலாம், சேர்ந்து கேட்கலாம். எனவே கம்பங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சி பேச மறுகட்சி கேட்க, பிறகு மாற்றிக்கொண்டால் போதும். எட்டு இரட்டைப்படை, சுற்று அழகாக மூடுகிறது. இரண்டே முறையில் எல்லா இணைப்பும் ஓடும். ஒன்பதாவதாக ஒரு கம்பத்தைச் சுற்றுக்குள் நட்டால் கெட்டது. ஒற்றைப்படைச் சுற்றில் எங்கோ ஓரிடத்தில் ஒரே கட்சிக்காரர்கள் இருவர் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருப்பார்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பில்லை. இதன் அடிப்படையை, வெகுதூர வைஃபை இணைப்புகளுக்காக, 2005ல் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் வெளியிட்டார்கள். கங்கைச் சமவெளிக் கிராமங்களுக்கு மலிவான வைஃபை அட்டைகளை வைத்து இணைப்புக் கொடுக்கும் முயற்சியில் பிறந்த யோசனை.

மதில்களுக்கு வருவோம். சிக்னல்காரர்கள் மதிலைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். 60 கிகாஹெர்ட்ஸ் கருங்கல்லைத் துளைக்காது. அடர்ந்த வலைக்கு அதுவே வரம் என்பது என் எண்ணம். சித்திரை வீதியில் நடக்கும் பேச்சு அடையவளஞ்சானில் கேட்காது என்றால், இரண்டு தெருவும் ஒரே அலைவரிசையை ஒரே நொடியில் பயன்படுத்தலாம். போதாதற்கு அந்தப் பட்டையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் விழுங்குகிறது. தூரத்து இரைச்சல் தானாகவே செத்துவிடும். திறந்த மைதானத்தில் நூறு பேர் பேசுவதற்கும் நூறு அறைகளில் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். தெருவுக்குத் தெரு போகும் வழி மட்டும் கோபுர வாசல்களில் குவியும். ஆட்கள் போகும் வழியும் அதுதானே.

தேர்? சித்திரைத் தேர் சித்திரை வீதியில்தான் ஓடும். கம்பத்து உயரத்தில் போகும் கற்றையை அது மறைத்தால் இணைப்பு அறும். ஆனால் சுற்று வளையம் என்பதால் எதிர்ப்பக்கமாக வரலாம்; தேர் எந்தத் தேதியில் எந்தத் திசையில் வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். வலை வடிவமைப்பாளருக்குப் பஞ்சாங்கம் பயன்படக்கூடிய ஊர் உலகில் அதிகம் இருக்காது.

மனக்கணக்கை விட்டு நிஜத்துக்கு வந்தால், முறை வைத்துப் பேசும் வலைக்குத் தமிழ்நாட்டில் சிறந்த சான்று தேனியில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுக் கிராமங்களில் சிறு பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார். நோயாளி திரையில் தேனியிலுள்ள மருத்துவரோடு பேசுவார். இணைப்புக்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து எரிக் ப்ரூவரின் குழு சாதாரண வைஃபையைக் கொண்டுவந்தது. அங்கேதான் தூரம் குறுக்கிட்டது. 15 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கே 50 மைக்ரோ நொடி ஆகும். வீட்டுக்கூடத்துக்காகச் செய்த வைஃபை அவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திராது. தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பும். எதிர்முனை பேசுவதைச் செவிகொடுத்து அறிவதற்குள் தானும் பேசத் தொடங்கிவிடும். குழு என்ன செய்தது? செவிகொடுப்பதை நிறுத்திவிட்டு முறை வைத்தது. இத்தனை மில்லிநொடி உனக்கு, இத்தனை எனக்கு. பதிலைப் பொட்டலத்துக்கு ஒன்றாக அனுப்பாமல் மொத்தமாக அனுப்பு. 2007ல் வைல்டுநெட் என்ற பெயரில் வெளியான அந்த ஆய்வில் வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரை உயர்ந்தது. கருவி அதேதான். முறைப்பாசனம்தான் புதிது.

அடுத்த ஆண்டு அதே குழு எழுதிய இன்னொரு கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தது. வலையை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க முயன்ற அனுபவம் அது. அதில் வானொலியைவிட மின்சாரம்தான் வில்லன்: தாறுமாறாக ஏறி இறங்கும் வோல்டேஜ், அரைகுறை மின்னழுத்தத்தில் தொங்கி நின்றுபோகும் கருவி. மின்னழுத்தம் தாழ்ந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சிறு சுற்றை அவர்களே செய்துகொண்டார்கள். எத்தனையோ கோட்பாட்டுக் கட்டுரைகளில் நிலையம் என்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குக் கரண்ட் போகும் என்பதை அங்கே யாரும் எழுதுவதில்லை.

டவரின் செலவும் அப்படித்தான். கிராமத்து வலையில் கருவியைவிட அதைத் தூக்கிப்பிடிக்கும் கோபுரத்துக்குத்தான் பணம் அதிகம் என்பதையே மையமாக வைத்து ராமனும் சாயன்தீப் சென்னும் 2007ல் ஒரு திட்டமிடல் முறையை எழுதினார்கள். சமவெளியில் நேர்பார்வைக்கு உயரம் வேண்டும். காவிரி டெல்டாவில் இது பழைய தலைவலி. இந்தியாவை முக்கோணங்களால் அளந்த வில்லியம் லாம்டன், இங்கே குன்று கிடைக்காமல் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் சுவரில் மோதிக்கொண்டது.

முறையை யார் வைப்பது? 1992ல் லியாண்ட்ரோஸ் டாசியூலஸும் அந்தோணி எஃப்ரமிடிஸும் தந்த விடை கேட்க எளியது: தண்ணீர் மாதிரி விடு. ஒவ்வொரு நிலையத்திலும் காத்திருக்கும் வரிசையின் நீளத்தை நீர்மட்டமாக நினைத்துக்கொள். எந்த இரண்டுக்கும் இடையே மட்ட வித்தியாசம் அதிகமோ, அந்த இணைப்புக்கு முறை கொடு. வழியை யாரும் முன்கூட்டி வகுக்க வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதே வழி. வேறெந்த முறையால் சமாளிக்க முடிகிற சுமையையும் இது சமாளிக்கும் என்று அவர்கள் கணிதமாகவே நிறுவினார்கள். வழியும் முறையும் ஒரே விதியில் தீர்ந்தன.

நடைமுறையில் ஏன் அப்படியே ஓடவில்லை? மட்டம் உருவாக முதலில் தேக்கம் வேண்டும். தேக்கம் என்றால் காத்திருப்பு. சுமை குறைவாக இருக்கும் நேரத்தில் பொட்டலங்கள், சரிவே இல்லாத வயலில் தண்ணீர் பரவுவதுபோல, முன்னும் பின்னும் அலையும். எந்த இணைப்புகளை ஒருசேரத் திறக்கலாம் என்ற அரிகானின் கடினக் கணக்கும் ஒவ்வொரு நொடித்துளியிலும் வந்து நிற்கும். அதனால் உண்மையான வலைகள் இதை நீர்த்துப்போகச் செய்துதான் பயன்படுத்துகின்றன. 5ஜி தரநிலையில் 2020ல் வந்த பதினாறாம் வெளியீடு, கைப்பேசியோடு பேசும் அதே அலைக்கற்றையில் நிலையங்கள் தங்களுக்குள்ளும் தாவிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அங்கே இழையைப் பிடித்திருக்கும் நிலையம் ஒன்று தாயாக இருந்து வழிகளை வகுக்கிறது. வலை பெரும்பாலும் மரக்கிளைபோல விரிகிறது.

எந்த விதியானாலும் கடைசியில் ஒரு கேள்வி கணிதத்துக்கு வெளியே போய் நிற்கும். இழைமுனையிலிருந்து வரிசையாக நான்கு நிலையங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஓர் இணைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். முதலாமவர் ஒரு தாவலில் போய்விடுவார். நான்காமவரின் ஒவ்வொரு பொட்டலமும் நான்கு முறை காற்றை வாடகைக்கு எடுக்கும். மொத்த விளைச்சல் அதிகமாக வேண்டுமென்றால் எல்லா முறையையும் முதலாமவருக்கே கொடுக்க வேண்டும்: மொத்தம் 100, மற்ற மூவருக்கும் பூஜ்யம். எல்லோருக்கும் சமம் என்றால் தலைக்கு 10, மொத்தம் 40. வேகத்தைச் சமமாக்காமல் காற்று நேரத்தைச் சமமாகப் பிரித்தால் 25, 12.5, 8.3, 6.25, மொத்தம் 52. இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் கெல்லி 1990களின் பிற்பாதியில் கோட்பாடாக்கிய விகித நியாயம் இந்தக் கடைசி விடைக்குத்தான் கொண்டுவிடுகிறது. பொறியாளர்களுக்கு அது பிடிக்கும்: வீணும் குறைவு, பட்டினியும் இல்லை. கடைமடைக்காரர் கண்ணில் பட்டால், தலைமடைக்கு நான்கில் ஒரு பங்குதான் தனக்கு என்பதும் தெரியும்.

மூன்று விடையும் சரியான விடைகளே. எதைத் தேர்வது என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லாது. ஆனால் நிறுவனத்தின் அறிக்கையில் 'வலையின் மொத்தத் திறன்' என்று ஒரே எண்தான் வரும். அந்த எண் பெரிதாக இருப்பதற்காகப் பாராட்டுப் பெறும் மென்பொருள், யாரும் சொல்லாமலே முதலாம் விடையின் பக்கம் சாயும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோக டான்ஃபிநெட் போன்ற அமைப்பு இருப்பதன் பொருள் இங்கேதான் எனக்குப் புரிகிறது. தலைவாயை ஊராட்சி அலுவலகம் வரை நகர்த்திவிட்டால் நான்காமவர் முதலாமவராகிவிடுவார். பங்கீட்டுச் சண்டையே சிறுத்துப்போகும்.

மழையும் கணக்கில் வர வேண்டும். 80 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற விகிதத்தில் கொட்டும் மழை கிலோமீட்டருக்குச் சுமார் 30 டெசிபலைத் தின்னும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மறுகரை சேரும். ஐப்பசி அடைமழையில் ஆற்றைத் தாண்டும் ஈ-பேண்ட் இணைப்பு தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு தொங்கும். மழை மேகம் நகர்வது. ஒரு பாலத்தின் மேல் பெய்யும்போது அடுத்ததன் மேல் பெய்யாமலிருக்கலாம். ஆற்றைக் கடக்க இரண்டு இடத்தில் வழி வைத்திருப்பவர் பிழைப்பார்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் சோதிக்கும் நாளும் ஸ்ரீரங்கத்துக்கு உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. விடிவதற்கு முன்னே பரமபத வாசல் திறக்கும்; லட்சக்கணக்கானவர்கள் வடக்குப் பக்கம் திரள்வார்கள். வழக்கமான நாளில் கைப்பேசிகள் இறக்குமதிக்காரர்கள்: படம் பார்ப்பார்கள், செய்தி பார்ப்பார்கள். ஆகவே காற்றிலுள்ள முறைகளில் பெரும்பங்கு ஊரை நோக்கி வரும் திசைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். பக்கத்து நிலையங்களோடு மோதாமலிருக்க அந்த விகிதத்தை ஊர் முழுக்க ஒன்றாகப் பூட்டியும் வைத்திருப்பார்கள். அந்த அதிகாலையில் மட்டும் ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் உயரும். எல்லோரும் படம் எடுத்து வெளியே அனுப்புகிறார்கள். தகவல் எதிர்த்திசையில் பெருகும், முறை பழைய திசையிலேயே திறந்திருக்கும். அமெரிக்காவில் காத்திருக்கும் மகளுக்கு அப்பா அனுப்பிய காணொளி, சிறு வட்டம் சுற்றிச் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு கம்பத்தின் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.